ஒன்பதாம் நாள் பீர்

2025 பெப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை காலை, கனடாவின் ஸ்காபரோ வெக்ஸ்போர்ட் பகுதியில், தன் வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்த மகேஸ்வரன் மாரடைப்பால் இறந்தார். வயது ஐம்பத்தொன்பது. அதற்கு முதல் நாள் பின்னேரம் அவர் வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்றில் புதிய பீர்க் கெக் ஒன்றைக் குழாயில் பூட்டியிருந்தார்.

கெக் என்பது இருபது லீற்றர் பிடிக்கிற உருக்குப் பீப்பாய். அதை உள்ளே வைத்துக் குளிராக்குகிற அளவில் ஒரு சின்னப் பிறிட்ஜ், பிறிட்ஜின் தலையில் ஒரு குழாய், பின்பக்கம் பீரைத் தள்ளி மேலேற்றுகிற காஸ் சிலிண்டர். ஆறு வருடங்களுக்கு முன் விக்ரோறியா பார்க் வீதியில் ஒரு மதுச்சாலை மூடப்பட்டபோது மகேஸ்வரன் அதை வாங்கி, கூட்டாளி கிறிஸ்துநாயகத்தின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் பெரிய குடிகாரர் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் ஒரு கிளாஸ், யாராவது வந்தால் இரண்டு. ஆனால் வார்க்கிற விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார். குழாய்ப்பிடியை ஒரே இழுவையில் முழுக்கத் திறக்க வேண்டும். பாதி திறந்தால் நுரைதான் வரும். கிளாஸைச் சரித்துப் பிடித்து, முக்கால்வாசி நிரம்பியதும் நிமிர்த்த வேண்டும். மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நிற்க வேண்டும். மகன் கஜீவன் ஒருமுறை தானே வார்க்கப் போனபோது, "நீ குடி, தொடாதை," என்றார். அவனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

அவருடைய மனைவி இராஜேஸ்வரி அந்தப் பீரை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. கிளாஸ் கழுவுகிற வேலை மட்டும் அவளுடையது. கறிச்சட்டி தேய்க்கிற பஞ்சு படக்கூடாது, ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாலும் நுரை செத்துப்போகும் என்று அவர் சொல்லியிருந்ததால், அந்த நான்கு கிளாஸுகளையும் தனியாகச் சோடாத்தூள் போட்டுக் கழுவித் தலைகீழாகக் காயவைப்பாள்.

அந்தச் சனிக்கிழமை கெக்கைப் பூட்டிவிட்டு அவர் ஒரு கிளாஸ் பிடித்துப் பார்த்தார். முழுக்க நுரை. காரில் குலுங்கி வந்த கெக், குளிரில் ஒரு நாள் சும்மா நிற்க வேண்டும். அவர் அதைச் சிங்கில் ஊற்றிவிட்டு, "நாளைக்குப் பாப்பம்," என்று சொல்லிப் படியேறி வந்தார். மறுநாள் காலை அவர் இல்லை. அந்தக் கெக்கில் ஒரு வாய்கூட அவர் குடிக்கவில்லை.

அடுத்த நாட்களில் இராஜேஸ்வரி தனக்குச் சொல்லப்பட்ட எல்லாவற்றையும் செய்தாள். கையெழுத்து வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தாள். எந்த வேட்டி என்று கேட்டபோது அலுமாரியைத் திறந்து காட்டினாள். பிரேதத்தை மலர்ச்சாலையில் பார்வைக்கு வைத்த அன்று வரிசையில் வந்த ஆட்கள் ஒவ்வொருவரும் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் அவர்களுடைய குளிர்க்கோட்டுகளின் ஈரத்தைத் தன் கழுத்தில் உணர்ந்தாள். வேறு எதையும் உணரவில்லை. எரியூட்டு வியாழக்கிழமை நடந்தது. தகன உலையின் பொத்தானைக் கஜீவன் அழுத்தினான். திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் ஒரு லொறி சரிந்து கிடந்ததை அவள் கடைசிவரை திரும்பிப் பார்த்தாள்.

அவள் அழவில்லை என்பதை மகேஸ்வரனின் தமக்கை கமலாம்பிகை கவனித்துவிட்டார். நகரின் மறுபக்கம் ரெக்ஸ்டேலில் இருந்து வந்து அந்தக் கிழமை முழுவதும் தம்பி வீட்டிலேயே தங்கியிருந்தவர் அவர்தான்.

"அழுதுபோடு ராசேஸ். உள்ளுக்குள்ள வைச்சிருந்தா பிறகு வருத்தமாக் கொண்டுவந்து விடும்."

"வந்தா அழுவன் மச்சாள்."

வரவில்லை. வந்ததெல்லாம் ஒரே ஒரு நினைப்பு. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழும்புவதும் படுப்பதுமாக இருந்தாள். எட்டாம் நாளுக்கு அந்தக் கெக்கில் இருந்து முதல் கிளாஸை அவருக்கு வைக்க வேண்டும். அவர் வார்க்கிற மாதிரி, இரண்டு விரல் நுரையோடு.

எட்டாம் நாள் செலவு என்பது யாழ்ப்பாணத்து வீடுகளில் இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிற நாள். மீனும் இறைச்சியும் வைப்பார்கள். குடிக்கிற ஆளென்றால் குடியும் வைப்பார்கள். படைத்துவிட்டுக் கதவைச் சாத்திக் கொஞ்ச நேரம் விடுவார்கள், அவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று. கமலாம்பிகை விடியவே அடுப்படியில் இறங்கிவிட்டார். ஆட்டிறைச்சி, நண்டு, பாரைமீன் பொரியல், முட்டை. வாழையிலையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"குடிக்கிறதுக்கு என்ன வைக்கிறது? மகேசு சாராயம் தொட மாட்டான் எல்லோ."

"பீர்."

"ரின் பீர் கிடக்கோ வீட்டில?"

"ரின் இல்லை. கீழ கெக் கிடக்கு. நான் வாத்துக்கொண்டு வாறன்."

"உனக்கு வாக்கத் தெரியுமோ?"

"பாத்துக்கொண்டு இருந்தனான் தானே, ஆறு வருசமா."

ஆறு மணிக்குப் படையல் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். நான்கு மணியளவில் இராஜேஸ்வரி ஒரு கிளாஸைக் கழுவி எடுத்துக்கொண்டு, ஒருமுறை பழகிப் பார்ப்போம் என்று கீழே போனாள். பேஸ்மென்றில் மடக்குக் கதிரைகள் இன்னும் அடுக்கப்படாமல் நின்றன. கிளாஸைச் சரித்துப் பிடித்தாள். பிடியை ஒரே இழுவையில் இழுத்தாள்.

குழாய் ஒருமுறை இருமியது. பிறகு நுரை வந்தது. வெள்ளையாக, சவர்க்காரத் தண்ணீர் மாதிரி, கிளாஸ் நிறைய. அடியில் ஒரு விரல் பீர்கூட இல்லை. அவள் அதை ஊற்றிவிட்டு மறுபடி பிடித்தாள். மறுபடியும் நுரை. மூன்றாவது தடவை கிளாஸ் அவள் கையில் குளிரவில்லை என்பதைக் கவனித்தாள். பிறிட்ஜின் கதவைத் திறந்தாள். உள்ளே லைற் எரியவில்லை. கெக்கில் கையை வைத்தாள். அது அந்த அறையின் சூட்டில் இருந்தது.

பிறிட்ஜின் வயர் தரையில் கிடந்தது. சுவர்ப் பிளக்கில் தேத்தண்ணி அண்டாவின் வயர் இருந்தது.

செத்த வீட்டில் பிரேதம் எடுக்கும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. துக்கம் கேட்டு வருகிற சனத்துக்குத் தேத்தண்ணி கொடுக்காமலும் விடுவதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே ஊர்ச்சங்கத்தில் இருந்து பெரிய மின்சார அண்டா ஒன்று இரவலாக வந்தது. மேலே அடுப்படியில் வைத்தால் அடுப்பு மூட்டியது மாதிரி ஆகிவிடும் என்று கமலாம்பிகை அதைக் கீழே அனுப்பினார். எரியூட்டு முடிந்து மேலே அடுப்பு மூட்டிய பிறகும், ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால் அண்டாவை யாரும் அசைக்கவில்லை. எட்டு நாளும் அது கொதித்துக்கொண்டிருந்தது. பிறிட்ஜ் எட்டு நாளும் செத்துக் கிடந்தது.

கமலாம்பிகை இறங்கி வந்து பார்த்தார். கதிரை அடுக்குவதற்கென்று நேரத்தோடு வந்திருந்த கிறிஸ்துநாயகமும் பின்னால் வந்தார். வயரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"நான்தான் அக்கா கழட்டினனான். அவசரத்துக்குக் கழட்டினது. வேற பிளக் பாத்து மாத்துவம் எண்டு நினைச்சன். பிறகு ஆக்கள் வந்திட்டினம்."

"ஆறு வருசமா உந்தப் பைப்புக்குக் கீழ கிளாஸோட நிண்டனீ," என்றார் கமலாம்பிகை. "கரண்டில ஓடுறது எண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும் கமலாக்கா."

"தெரிஞ்சுதான் கழட்டினனீயோ?"

கிறிஸ்துநாயகம் தொப்பியைக் கைக்குள் சுருட்டினார். இராஜேஸ்வரிக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வரவேண்டிய இடத்தில் வெறுமையாக இருந்தது. "பரவாயில்லை, நாயகம்," என்றாள். "இப்ப எப்பிடிக் குளிராக்கிறது எண்டு சொல்லுங்கோ."

கஜீவன்தான் வழி சொன்னான். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, ஜன்னலைக் காட்டினான்.

"அம்மா, வெளியில மைனஸ் எட்டு. பக்யார்ட்டில முழங்கால் உயரத்துக்கு ஸ்னோ. சிம்பிள்."

கிறிஸ்துநாயகம் கெக்கின் தலையில் பூட்டியிருந்த பிடியைத் திருகிக் கழற்றினார். சீறிக்கொண்டு கொஞ்சம் நுரை அவர் சட்டையில் அடித்தது. அவரும் கஜீவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியேற்றி, பின்கதவால் வெளியே கொண்டுபோய்ப் பனியில் இறக்கினார்கள். கஜீவன் கையுறை இல்லாமல் பனியை வாரி வாரிக் கெக்கை மூடினான். தகப்பன் போன ஞாயிறு பிடித்திருந்த பனிச்சவள் கராஜில் கிடந்தது. அதை எடுக்க அவன் போகவில்லை.

கமலாம்பிகை அடுப்படி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பக்கத்து வீட்டுக்காரன் என்ன நினைப்பான்? ஆளை எரிச்சுப்போட்டு வந்து பீப்பாவைப் புதைக்கிறாங்கள் எண்டெல்லோ நினைப்பான்."

யாரோ சிரித்தார்கள். சிரித்தது தான்தானோ என்று இராஜேஸ்வரிக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. கிறிஸ்துநாயகம்தான்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கெக்கைத் தோண்டி எடுத்தார்கள். வெளித்தகடு கையில் ஒட்டுகிற குளிர். படியிறக்கும்போது கிறிஸ்துநாயகத்தின் கால் வழுக்கி, கெக் இரண்டு படி தானாக இறங்கி நின்றது. பூட்டினார்கள். இராஜேஸ்வரி கிளாஸைப் பிடித்தாள். நுரை. வெளித்தகடு குளிர்ந்திருந்தது, நடுப்பீர் குளிரவில்லை. குளிர்ந்த மிச்சமும் குலுங்கிப் போயிருந்தது. வாளியில் பிடித்துப் பிடித்து ஊற்றினாள். நுரை அடங்கட்டும் என்று காத்திருந்தாள். அடங்கிய கிளாஸில் மூன்று விரல் பீர், கலங்கலாக, உயிரில்லாமல் நின்றது.

மேலே ஆட்கள் வந்து சப்பாத்துக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"சரி, விடு," என்றார் கமலாம்பிகை. "நாயகம், நீ போய் ஒரு ரின் வாங்கிக்கொண்டு ஓடி வா. இப்ப கோணர் ஸ்ரோரிலயும் விக்கிறாங்கள் எல்லோ."

"அவர் ரின் குடிக்கிறேல்லை," என்றாள் இராஜேஸ்வரி.

"இண்டைக்கு ஒருநாள் குடிப்பான்."

"மச்சாள், நாளைக்கு வைப்பம்."

"எதை?"

"எட்டை. ஒரு நாள் விட்டா இது குளிர்ந்திடும். ஒரு நாள் விடவேணும் எண்டு அவரே சொல்லுறவர்."

கமலாம்பிகை கையில் இருந்த துணியைக் கதிரையில் போட்டார். "எட்டு எட்டிலதான் வைக்கிறது. நீ நினைச்ச நாளுக்கு வைக்க இது பேத்டே பார்ட்டியோ?"

"போன வருசம் எங்கட சங்கத்து அன்ரனெற்றின்ர மாமியாருக்குச் சனிக்கிழமை எண்டு ஆறாம் நாளிலயே வைச்சவை. நீங்களும் போனனீங்கள். ஆக்களுக்கு வேலை எண்டு ஆறில வைக்கலாம் எண்டா, பீர் குளிரேல்லை எண்டு ஒன்பதில வைச்சா என்ன?"

"முன்னுக்குத் தள்ளலாம். பின்னுக்குத் தள்ளக்கூடாது. பசியோட நிப்பான்."

"ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன்."

கஜீவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "மாமி, அப்பாவுக்கு உண்மையா ரின் விருப்பமில்லை. ரின் பீர் இரும்பு மணம் எண்டு சொல்லுவார்."

"மேல இருபது பேர் வந்திருக்கினம். கறி ஆறுது. இருபது பேரையும் நாளைக்கு வரச் சொல்லு பாப்பம். நாளைக்குத் திங்கக்கிழமை. ஒருத்தரும் வராயினம்." கமலாம்பிகையின் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. "ராசேஸ், செத்தவனுக்கு ரின்னும் ஒண்டுதான், பீப்பாவும் ஒண்டுதான். எங்களுக்காகத்தான் வைக்கிறம்."

கிறிஸ்துநாயகம் வானை எடுத்துக்கொண்டு போய் ரின் வாங்கி வந்தார். இராஜேஸ்வரி அண்டாவின் வயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிறிட்ஜின் வயரைச் சுவரில் செருகினாள். பிறிட்ஜ் உறுமத் தொடங்கியது. கதவைச் சாத்திவிட்டு மேலே போனாள்.

படையல் ஆறரைக்கு நடந்தது. கஜீவனின் சின்ன அறையில் மகேஸ்வரனின் படத்துக்கு முன் இலை போட்டு எல்லாவற்றையும் வைத்தார்கள். ரின் பீரைக் கமலாம்பிகையே கிளாஸில் ஊற்றினார். நேராக ஊற்றியதால் நுரை பொங்கி இலையில் வழிந்தது. ஒரு துணியால் துடைத்துவிட்டார். கதவைச் சாத்தியதும் அவர் நிலத்தில் குந்தியிருந்து, தம்பி சின்ன வயதில் நண்டுக்காலுக்குச் சண்டை பிடித்ததைச் சொல்லிச் சொல்லி அழுதார். பெண்கள் சேர்ந்து அழுதார்கள். இராஜேஸ்வரி கதவுப்பிடியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கதவைத் திறந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். நண்டு நல்லாயிருக்கு என்றார்கள். "தேத்தண்ணி ஆறிப்போச்சே," என்று கீழிருந்து ஒருவர் கேட்டார். படைத்த பீரைக் கிறிஸ்துநாயகம் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கிளாஸைத் தானே கொண்டுபோய்க் கறிச்சட்டி தேய்க்கிற பஞ்சால் கழுவி வைத்தார். அவள் அதைக் கண்டாள்.

மறுநாள் காலை கஜீவன் வேலைக்குப் போனான். கமலாம்பிகையை மகன் வந்து ரெக்ஸ்டேலுக்குக் கூட்டிப் போனான். காரில் ஏறும் முன் அவர் இராஜேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல வந்து, "நண்டுக்கறி பிறீசரில கிடக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு கிழமையில் முதன்முறையாக வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் கதிரைகளை மடக்கிச் சுவரோடு சாய்த்தாள். அண்டாவைக் கவிழ்த்துக் கழுவினாள். இடையிடையே போய்ப் பிறிட்ஜைத் திறந்து கெக்கைத் தொட்டுப் பார்த்தாள். மத்தியானம் அது குளிர்ந்திருந்தது. ஆனாலும் பொறுத்தாள். மூன்று மணிபோல மறுபடி தொட்டபோது விரல் நுனி மரத்தது. அந்த மரப்பு மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

கிளாஸைச் சோடாத்தூளால் திரும்பவும் கழுவினாள். நேற்றைய எண்ணெய் போகட்டும் என்று இரண்டு தரம் கழுவினாள். துடைக்கவில்லை. ஈரத்தோடு கொண்டுபோனாள்.

முதலில் வந்தது நுரை. குழாய்க்குள் நின்ற சூட்டுப் பீர் அது. அவர் எப்போதும் முதல் கால் கிளாஸை ஊற்றிவிடுவார். அவளும் ஊற்றினாள். பிறகு கிளாஸைச் சரித்து, குழாயின் வாய் கண்ணாடியில் படாமல் பிடித்து, பிடியை ஒரே இழுவையில் திறந்தாள். பீர் சத்தமில்லாமல் கண்ணாடியோடு வழிந்து இறங்கியது. மஞ்சளாக, தெளிவாக இருந்தது. முக்கால்வாசியில் நிமிர்த்தினாள். நுரை எழும்பி விளிம்புக்குக் கீழே நின்றது. தன் இரண்டு விரல்களை வெளியில் வைத்து அளந்து பார்த்தாள். சரியாக இருந்தது.

சரியாக வந்தால் அழுகை வரும் என்று அவள் நினைத்திருந்தாள். கொஞ்ச நேரம் அதற்காகக் காத்து நின்றாள். பிறகு நுரை அடங்கிவிடும் என்று படியேறினாள்.

அறையில் இலை இல்லை, கறி இல்லை. படமும், வாடத் தொடங்கிய மாலையும், விளக்கும் இருந்தன. கிளாஸைப் படத்துக்கு முன் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் இருந்தாள். ஹீற்றர் ஒருமுறை ஓடி நின்றது. தெருவில் பனி வழிக்கிற வாகனம் போனது. அவளுடைய போன் அடித்தது. கமலாம்பிகை.

"என்ன செய்யிறாய்?"

"சும்மா இருக்கிறன்."

"சாப்பிட்டியோ?"

"இன்னும் இல்லை." பிறகு சொன்னாள். "மச்சாள், வைச்சிட்டன்."

திட்டு வரும் என்று இராஜேஸ்வரி போனைக் காதில் இருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

"நுரை நிண்டதோ?"

"ஓம். ரெண்டு விரல்."

"கதவு சாத்தினனீயோ?"

"ஓம்."

"திறக்கேக்க தட்டிப்போட்டுத் திற. சட்டெண்டு திறக்காதை."

"சரி மச்சாள்."

"வைக்கிறன்," என்றார் கமலாம்பிகை. ஆனால் உடனே வைக்கவில்லை. மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகுதான் வைத்தார்.

இராஜேஸ்வரி தட்டிவிட்டுக் கதவைத் திறந்தாள். நுரை இறங்கி, கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளை வளையமாக ஒட்டியிருந்தது. பீர் குறையவில்லை. கிளாஸை எடுத்துக்கொண்டு வந்து அடுப்படி மேசையில் வைத்தாள். ஊற்றிவிட மனம் வரவில்லை. குடிக்கவும் வரவில்லை.

ஐந்தரைக்குக் கஜீவன் வந்தான். சப்பாத்துக் கழற்றும்போதே மேசையில் இருந்ததைக் கண்டான்.

"நீங்களோ வாத்தது?"

"ஓம்."

"வைச்சனீங்களோ?"

"வைச்சாச்சு. நீ குடி."

அவன் கோட்டோடு நின்றபடி குடித்தான். பாதியில் நிறுத்தி, "கொஞ்சம் புளிக்குது. சூட்டில நிண்டது தானே," என்றான். பிறகு மிச்சத்தையும் குடித்தான். இரண்டாவது கிளாஸ் கேட்கவில்லை. அவள் கிளாஸை வாங்கிக் கழுவிவிட்டு, பிறீசரில் இருந்து நண்டுக்கறியை எடுத்துச் சூடாக்கப் போட்டாள்.

புதன்கிழமை கஜீவனும் கிறிஸ்துநாயகமும் கெக்கைக் கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். அரைவாசிக்கு மேல் பீர் அதில் மிச்சம் இருந்தது. அண்டா சங்கத்துக்குப் போனது. வியாழக்கிழமை இராஜேஸ்வரி வேலைக்குப் போனாள்.